மேல் கதவை ஒட்டாதே

தம்பி,

நீ அனுப்பிய குவார்ட்டர்ஸ் வீடியோவை நானும் அப்பாவும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். சமையலறை பெரிதாக இருக்கிறது, குழாயில் சுடுதண்ணீர் வருகிறது, சந்தோஷம். ஆனால் படுக்கையறையைக் காட்டும்போது ஜன்னல் சாத்தியிருந்தும் திரைத்துணி ஆடிக்கொண்டே இருந்தது. நீ பேசிக்கொண்டே கேமராவைத் திருப்பிவிட்டாய். அப்பாதான் நிறுத்திக் காட்டினார். "காத்து உள்ள வருது பாரு, பாப்பாவுக்கு வாங்குன கட்டிலு அங்கிட்டுத்தான் கெடக்கு" என்றார். அடுத்த மாதம் கௌசி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருகிறாள். நம் ஊர்க் குளிர் வேறு, உன் ஊர்க் குளிர் வேறு. போனில் சொன்னால் "சரிம்மா, பாத்துக்கிறேம்மா" என்று வைத்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததில் பாதியை மறந்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ஜன்னல் இடுக்கை எப்படி அடைப்பது என்று மட்டும் சொல்வதாக இருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் பாப்பா பிறந்த அந்த மார்கழியில் நம் வீட்டு ஜன்னலை நாங்கள் எப்படி அடைத்தோம், அடைத்த பிறகு என்ன ஆனது என்பதை நீ முழுதாகக் கேட்டதில்லை. அப்போது உன் பட்டாளம் இருந்த மலையில் பனி விழுந்து பாதை மூடிக் கிடந்தது. எப்போதாவது லைன் கிடைக்கும். கிடைத்த கொஞ்ச நேரத்தில் "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ கவலப்படாத" என்பதைத் தவிர வேறு எதையும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். நல்லாத்தான் இருந்தோம், எல்லா நாளும் இல்லை.

கௌசியின் அம்மா, உன் அத்தை பஞ்சவர்ணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் கௌசியும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது அப்பா சண்டை போடவில்லை. ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார், அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். நம்முடையது தலைமுறையாகக் காடு கரை வைத்துப் பிழைத்த குடும்பம். கௌசியின் தாத்தா காலம் வரைக்கும் அவர்கள் கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். உன் அத்தை சொந்தமாக நிலம் வாங்கி, புருஷன் போன பிறகும் தனியாளாக நின்று வெள்ளாமை பார்த்து, மகளைப் படிக்க வைத்தவர். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. உன் அத்தையும் நம் வீட்டுக்கு வந்ததில்லை. நாம் வைத்த வரவேற்புக்கு மண்டபத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், பந்தியில் சாப்பிட்டார், சொல்லிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு என்னிடம் போனில் "நல்லா இருக்கீகளா", "இருக்கேன்" என்பதோடு சரி. அப்பாவிடம் அதுவும் கிடையாது. கௌசி நம்மோடு சமயநல்லூரில் இருந்து மதுரைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மாவைப் பார்க்க அவள்தான் ஊருக்குப் போவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை மட்டும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்கு அனுப்புவதாகத்தான் இருந்தோம். அதற்குள் வலி வந்துவிட்டது. எட்டாம் மாதம் தொடங்கியதுமே பிறந்துவிட்டாள் பாப்பா. என் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் அடங்கிவிடும் அளவு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நானும் உன் அத்தையும் மாறி மாறி வெளியே பெஞ்சில் இருந்தோம். அவர் வந்தால் நான் எழுந்துகொள்வேன், நான் வந்தால் அவர் எழுந்துகொள்வார். அந்தப் பெஞ்சில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார இடம் இருந்தது.

பாப்பா கொஞ்சம் எடை கூடி, பால் குடிக்கப் பழகிய பிறகு, ரெண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். வார்டு நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "எந்த ரூம்ல வைக்கப் போறீங்க? ஜன்னல் எப்படி? இந்தக் காலைக் குளிர்ல காத்து நேரா பிள்ளை மேல படக்கூடாது. அதுக்காக ரூமைப் பொட்டி மாதிரி அடச்சுறாதீங்க, புழுங்கக்கூடாது" என்றார். அந்த அம்மா சொன்னது இரண்டு விஷயம். எங்கள் காதில் ஏறியது முதல் விஷயம் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கும் ஆத்திர அவசரத்துக்கும் நம் வீடுதான் பக்கம், கொட்டாம்பட்டி தூரம். அதனால் பிள்ளை நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று ஆயிற்று. உன் அத்தை, "அப்ப நானும் அங்கிட்டு வந்து இருந்துக்கிறேன். ஒத்தையில உங்களால ஆகாது" என்றார். கேட்கவில்லை, சொன்னார். நான் "வாங்க" என்றேன்.

உன் பழைய ரூமைத்தான் ஒதுக்கினோம். அந்த ஜன்னலை உனக்குத் தெரியும். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று நாலு கதவு, எல்லாம் வெளிப்பக்கம் திறக்கிறது. வேப்ப மரம். மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, ஒரு கதவுகூட இன்னொரு கதவோடு சேராது. நடுவில் விரல் நுழையும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் பூச்சு விட்டுப்போய் விரிசல். நீ அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தித்தாளை மடித்துச் செருகி வைத்திருப்பாய். அப்பா ஆசாரிக்குப் போன் போட்டார். தைப்பொங்கல் நெருங்குகிற நேரம், எல்லா ஆசாரிக்கும் கை நிறைய வேலை, ஒருத்தரும் வருவதாக இல்லை. "நானே பாத்துக்கிறேன். வெளிய இருந்து பிளைவுட்டை வச்சு அடிச்சு மொத்தமா மூடிருவோம்" என்று கிளம்பினார். லைன்மேன் வேலை பார்த்த காலத்தில் கம்பத்திலிருந்து விழுந்து வலது தோள் மேலே தூக்க வராது என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

உன் அத்தை அப்போதுதான் கூடையோடு வந்து வாசலில் நின்றார். ஜன்னலைப் பார்த்தார், பிளைவுட்டைப் பார்த்தார். "மொத்தமா மூடிட்டா பிள்ளைக்கு வெளிச்சம் எங்கிட்டு வரும்? மொகம் மஞ்சளா இருக்கா செவப்பா இருக்கான்னு எப்புடிப் பாக்குறது?" என்று கேட்டார். அப்பாவைப் பார்த்துக் கேட்கவில்லை, பலகையைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா பலகையைத் தூக்கிப்போய் மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது சிலிக்கான் பசை டியூப், அதை அழுத்துகிற துப்பாக்கி, ஒட்டுகிற ஸ்பாஞ்ச் டேப், சின்ன ஆணி எல்லாம் பையில் இருந்தன.

வேலையை நானும் உன் அத்தையும்தான் செய்தோம். அவர் வெளியே முக்காலி மேல், நான் உள்ளே. நான் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவு ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போவேன். புகை நேராக மேலே போனால் அங்கே இடுக்கு இல்லை. சட்டென்று வளைந்து ரூமுக்குள் திரும்பினால் அங்கே காற்று வருகிறது. "இங்க" என்பேன். அவர் வெளியிலிருந்து அந்த இடத்தில் சாக்பீசால் கோடு போடுவார். "இன்னுங் கீழ." "இதுவா?" "அதான். அம்மாடி, எம்புட்டுப் பெரிய ஓட்டை!" இப்படியே பேச ஆரம்பித்தோம். இடுக்கு வழியாகப் பேசுவதால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது வசதியாக இருந்தது. கௌசி சின்னப் பிள்ளையில் எப்படி இருந்தாள் என்று அவர் சொன்னார். நீ ஏழாவது படிக்கையில் வீட்டை விட்டு ஓடிப்போய் மேலூர் பஸ் ஸ்டாண்டில் பசி தாங்காமல் அழுதுகொண்டு நின்றதை நான் சொன்னேன். அவர் முக்காலி மேல் நின்றுகொண்டு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஆணியெல்லாம் கொட்டிவிட்டது.

நடுவில் டீ போட்டேன். அவர் கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் பக்கம் நீட்டினார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். "எதுக்கு இது?" என்றேன். "இருக்கட்டும். எதுக்கு உங்களுக்குச் சங்கடம்" என்றார். அதிலேயே ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் அவர் அதைக் கழுவ வெளிக்குழாய்ப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போய் அவர் கையிலிருந்து வாங்கி, நம் பாத்திரத்தோடு தொட்டியில் போட்டேன். எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்துக் கவிழ்த்தேன். மறுநாள் காலையில் அவர் அடுப்படிக்கு வந்து வரிசையாக இருந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஒரே மாதிரி. கைக்கு வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, "மதினி, சீனி கம்மியாப் போடுங்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் மதினி மதினிதான்.

செய்த விதத்தைச் சொல்கிறேன், உனக்கு அதுதான் வேண்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள விரிசல் அசையாத இடம். அங்கே தூசியை பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, ஈரம் இல்லாமல் துடைத்து, சிலிக்கானை ஒரே இழுப்பாக விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவிவிட வேண்டும். கதவும் சட்டமும் சேருகிற இடம் அசைகிற இடம். அங்கே சிலிக்கான் கூடாது. சட்டத்தின் உள்விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து ஸ்பாஞ்ச் டேப்பை ஒட்ட வேண்டும். தூசி இருந்தால் டேப் ஒரு வாரம்கூட நிற்காது. இரண்டு கதவு சேருகிற நடு இடுக்குக்கு உன் அத்தை பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, ஒரு கதவில் மட்டும் ஆணியடித்து, மற்ற கதவின் மேல் அது படிந்து நிற்கிற மாதிரி விட்டார். அப்புறம் தாளைத் துண்டாகக் கிழித்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்திப் பார்த்தோம். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் இன்னும் சேரவில்லை. டேப்பை ரொம்பத் தடிமனாக ஒட்டினால் தாழ்ப்பாள் விழாது, அதையும் பார்த்துக்கொள்.

கீழ் ஜோடியை இப்படி நிதானமாகத்தான் செய்தோம். மேல் ஜோடிக்கு வரும்போது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது, மறுநாள் காலையில் பிள்ளை வருகிறது. அது எட்டாத உயரத்தில் இருக்கிறது, யார் தினமும் திறக்கப் போகிறார்கள் என்று மூன்று பேரும் சேர்ந்தே முடிவுபண்ணி, சுற்றிலும் சிலிக்கானைப் பூசி அப்படியே ஒட்டிவிட்டோம். அப்பா தன் பங்குக்கு ஒரு குண்டு பல்பைக் கட்டில் ஓரமாகத் தொங்கவிட்டார், அதன் சூடு நல்லது என்று. ரூம் கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். ஊதுபத்திப் புகை கோடு கிழித்த மாதிரி மேலே போயிற்று. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாப்பா வந்தாள். முதல் நாளும் அன்று இரவும் நல்லபடியாகப் போயிற்று. விடியற்காலையில் வெளியே பனி மூடிக் கிடந்தது, உள்ளே கதகதப்பாக இருந்தது. மறுநாள் மத்தியானம் கௌசி உள்ளே இருந்து கூப்பிட்டாள். "அத்தே, இங்க வாங்களேன். பிள்ள பால் குடிக்க மாட்டேங்குது." நம் ஊர் மார்கழியைத்தான் உனக்குத் தெரியுமே. காலையில் போர்வை, மத்தியானம் வெயில். அந்த ரூமின் மேற்குச் சுவரில் வெயில் இறங்கியிருந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்கே மூச்சு முட்டியது. பாப்பா குல்லாவும் காலுறையும் இரண்டு சுற்றுத் துணியுமாகக் கௌசி மடியில் கிடந்தாள். முகம் சிவந்து, மூச்சு வெடுக்கு வெடுக்கென்று வாங்கியது. கை தொய்ந்து கிடந்தது. நர்ஸ் கொடுத்திருந்த தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம், அவர் சொன்ன அளவுக்கு மேலே காட்டியது. கௌசி அழவில்லை. "அம்மா... அம்மா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் நர்சுக்குப் போன் போட்டேன். நல்ல வேளை, எடுத்துவிட்டார். "குல்லா, சாக்ஸ் எல்லாத்தையும் கழட்டுங்க. ஒரு துணி போதும். பல்ப அணைங்க, ரூமத் திறங்க. கொஞ்ச நேரத்துல குடிக்க ஆரம்பிக்கலைன்னா யோசிக்காம தூக்கிட்டு வாங்க" என்றார். நான் துணியைக் கழற்றினேன், அப்பா பல்பை அணைத்து ரூம் கதவை விரியத் திறந்தார். உன் அத்தை ஜன்னலுக்குப் போய்விட்டார். கட்டில் மேல் ஏறி நின்று கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டு மேல் கதவைத் தள்ளினார். சிலிக்கான் பிடித்துக்கொண்டு விடவில்லை. உள்ளங்கையால் குத்தினார். நகம் பிய்ந்து இரத்தம் கதவில் தீற்றிக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. "திற... திறந்து தொலையேன்" என்று மரத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே குத்தினார்.

அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தார். "தள்ளிக்க தங்கச்சி, கையப் புண்ணாக்கிக்காத. நான் அறுக்குறேன்" என்றார். இரண்டு வருஷமாக அந்த மனுஷியை எந்த முறை சொல்லியும் கூப்பிடாமல் இருந்தவர். அவர் கட்டில் மேல் ஏறினார், வலது கை எழும்பவில்லை, இடது கையால் இடுக்கைக் கீறினார். உன் அத்தை அவர் சாய்ந்துவிடாமல் இடுப்பு வேட்டியைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அங்கிட்டு அண்ணே, கீல் பக்கம்... இன்னுங் கொஞ்சம்." இரண்டு பேரும் சேர்ந்து தள்ளியதில் கதவு பட்டென்று திறந்துகொண்டது. காற்று வந்தது. பிள்ளை மேல் படவில்லை, தலைக்கு மேலே உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, திறந்திருந்த ரூம் கதவு வழியாக வெளியே போயிற்று. கௌசி பாப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டோம். ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பாப்பா வாயை அசைத்துத் தேடினாள். குடித்தாள். ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் விடாமல் குடித்தாள். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். சூடு இறங்கிவிட்டது, பயமில்லை என்றார்கள். திரும்பி வந்ததும் அப்பா கொல்லைக் குழாயில் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். உன் அத்தை கைக்கு மஞ்சள் போட வந்தபோதுதான் அது எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று பார்த்தோம். அப்பாவே டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட வைத்துக் கூட்டி வந்தார்.

சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் ஜன்னலடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, மேல் கதவுக்குக் கீழேர்ந்து இழுக்குற மாதிரி ஒரு கயிறும் கொக்கியும் போட்டுக் குடுங்க. பகல்ல தெறந்து விட்டுருவோம், பனி எறங்கையில சாத்திக்கிருவோம்." "டேப்பு மட்டும் ஒட்டுனாப் போதுமா?" "போதும், போதும். தள்ளுனாத் தெறக்கணும், இழுத்தா மூடணும்." அப்படித்தான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினோம். உன் அத்தை மாசி வரைக்கும் இருந்தார். அறுப்புக்கு ஆள் விட்டுப் போனில் வேலை வாங்கினார்.

உன் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் மேலே சின்னதாக ஒரு தனிக் கதவு இருப்பதை வீடியோவில் பார்த்தேன். அதை ஒட்டாதே. கீழே உள்ள பெரிய கதவுகளை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கு, கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடு, மேலே மட்டும் திறந்து மூடுகிற மாதிரி விட்டு வை. ஊதுபத்தி வைத்துப் பார்க்கும் வேலையெல்லாம் பாப்பா வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடு. அவள் இருக்கிற ரூமில் புகை வேண்டாம். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே: குளிருக்கு அங்கே கரி அடுப்பு மூட்டிக்கொள்வார்கள் என்று நீயே சொன்னாய். அடைத்த ரூமுக்குள் அது வரவே கூடாது. கூடப் படுத்திருப்பவனுக்கே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். கரண்ட் ஹீட்டர் வைத்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். பிள்ளைக்குச் சூடு போதுமா என்று உன் உடம்பை வைத்து முடிவுபண்ணாதே. நீ யூனிபாரம் போட்டுக்கொண்டு வெளியே போய் வருகிறவன். அவள் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துப் பார். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்று. கௌசி "புழுங்குது" என்று சொன்னால் "குளிர்ல என்ன புழுக்கம்" என்று அவளிடம் வாதம் பண்ணாதே. எழுந்துபோய்த் திற.

கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா எங்கே என்று கேட்டாய். வெளியே போயிருக்கிறார் என்றேன். எங்கே என்று சொல்லவில்லை, ஏனென்றால் போனவர் பாதியில் திரும்பிவிடுவாரோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முந்தின நாள் உன் அத்தை போனில் பேச்சுவாக்கில், மேற்குப் பக்க ஜன்னலில் சாரல் அடித்து விதைநெல் மூட்டை நனைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு மஞ்சப்பையில் சாமான்களை எடுத்துப் போட்டார். "கொட்டாம்பட்டி வரைக்கும் போறேன்" என்றார். நான் "சரி" என்றேன். மதுரைக்குப் போய், மேலூர் பஸ் பிடித்து, அங்கே மாறி ஏறி, இறங்கி நடந்திருக்கிறார். வழியில் வீடு கேட்டிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்து பையை அப்படியே ஆணியில் மாட்டினார். சிலிக்கான் டியூப் மூடிகூடத் திறக்காமல் இருந்தது.

"என்ன, வேலை ஆகலையா?" என்று கேட்டேன்.

"சாரல் அடிச்ச எடத்துக்குத் தங்கச்சியே தகரத்தை வச்சு எறக்கிருச்சு. மத்தபடி அங்க அடைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லா ஜன்னலும் தெறந்துதான் கெடக்கு" என்றார். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சாப்புட்டுத்தான் வந்தேன். எனக்கு ராத்திரிக்கு ஒண்ணும் வேணாம்" என்றார்.

அம்மா